ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபாய்

சவுண்ட் பாக்ஸ் பேசவில்லை.

2025 ஆகஸ்ட் 10, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஈரோடு புத்தகத் திருவிழா முடிய இன்னும் இரண்டே நாள். 2005-இல் மக்கள் சிந்தனைப் பேரவை இதைத் தொடங்கியதிலிருந்து, நடந்த எந்த வருடத்தையும் நான் விட்டதில்லை. அன்றைக்கு நடக்க இடமில்லாத கூட்டம். ஒரு சின்னப் பதிப்பகத்தின் கடையில் நான்கு புத்தகங்களை எடுத்து வைத்தேன். மொத்தம் 1,400 ரூபாய், பத்து சதவீதத் தள்ளுபடி போக 1,260. கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட்டேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்தது, என் கணக்கில் 1,260 ரூபாய் எடுத்தாயிற்று என்று. கடைக்காரத் தம்பியின் சவுண்ட் பாக்ஸ் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

"அக்கா, இங்க வரலைங்க."

"எனக்குப் போயிருச்சுங்க தம்பி. பாருங்க, மெசேஜ் வந்துருச்சு."

அவர் தன் போனைத் திறந்து பார்த்தார். நான் என் போனைத் திறந்து பார்த்தேன். பின்னால் நான்கைந்து பேர் பில் போடக் காத்திருந்தார்கள். பத்து நிமிடம் ஓரமாக நின்றேன். என் போனில் 'நிலுவையில் உள்ளது' என்றே காட்டிக்கொண்டிருந்தது. புத்தகங்களை மேசையிலேயே வைத்துவிட்டு, "பணம் திரும்பி வந்தா வர்றேனுங்க தம்பி" என்று கிளம்பினேன். கையில் பஸ்ஸுக்கும் டீக்கும் மட்டும்தான் காசு இருந்தது.

அந்தத் தம்பி கூப்பிட்டார். "எடுத்துட்டுப் போங்கக்கா. உங்களுக்குத் திரும்பி வந்தா எனக்கு அனுப்பி விடுங்க. எனக்கு வந்துருச்சுன்னா நானே சொல்றேன்." பில்லின் பின்பக்கம் தன் எண்ணை எழுதித் தந்தார். என் எண்ணைக் கேட்கக்கூட இல்லை. நானாகத்தான் எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பையோடு பஸ் ஏறியபோது மனம் ஒரு நிலையில் இல்லை. அவர் வெளியூரிலிருந்து வந்தவர். கடை வாடகை, தங்குமிடம், சாப்பாடு, வண்டி வாடகை எல்லாம் இந்தப் பன்னிரண்டு நாள் விற்பனையில்தான் வர வேண்டும். அவருடைய புத்தகம் என் மடியில் இருக்கிறது, பணம் அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. எங்கே இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. மறுநாள் காலை அலுவலகத்தில் பக்கத்து சீட் அக்காவிடம் 1,260 ரூபாய் கடன் வாங்கி, அவர் போனிலிருந்தே அந்தத் தம்பிக்கு அனுப்பச் சொன்னேன். இந்த முறை உடனே போய்ச் சேர்ந்தது. "வந்துருச்சுங்கக்கா, நன்றி" என்று பதில் வந்த பிறகுதான் ஃபைலைத் திறந்தேன்.

பெருந்துறையில் வீடு, ஈரோட்டில் அரசு வேலை. எங்கள் அலுவலகத்தில் நாற்பத்து மூன்று பேருக்குச் சம்பளப் பட்டியல் போடுவது என் சீட். பங்களிப்பு ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, குடும்ப நல நிதி, சொசைட்டிக் கடன், பண்டிகை முன்பணத் தவணை, அரையாண்டுக்கு ஒரு முறை தொழில் வரி. ஒவ்வொருவருக்கும் என்ன பிடிக்கிறோம், எதற்காகப் பிடிக்கிறோம் என்பது சம்பளச் சீட்டில் பெயரோடு இருக்கும். ஒரு ரூபாய் கூடக்குறைய இருந்தாலும் பில் கருவூலத்திலிருந்து திரும்பி வந்துவிடும். 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்கு வந்த என்னைப் போன்றவர்களுக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் ஓய்வூதியப் பங்களிப்பாகப் போகிறது. அதில் எனக்கு மனக்குறை நிறைய உண்டு. ஆனாலும் எவ்வளவு போகிறது என்று தெரிந்தே போகிறது.

'கவர்மென்ட் சம்பளம், உங்களுக்கென்ன' என்று சொல்கிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. மாதக் கடைசி வேலை நாளில் சம்பளம் வருகிறது, அது உண்மை. ஐந்தாம் தேதிக்குள் வீட்டுக் கடன் தவணை, மகளின் கல்லூரிக்காகச் சேர்ப்பது, சீட்டு, மளிகை என்று அது பிரிந்துபோகிறது என்பதும் உண்மை. முன்பெல்லாம் வருடத்துக்குப் பதினைந்து நாள் ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்து வாங்கும் பணத்தில் ஒரு பங்கைப் புத்தகத்துக்கு என்று எடுத்து வைப்பேன். கொரோனா வந்ததும் 2020 ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். ஊரே முடங்கிக் கிடந்தபோது அதைக் கேட்க மனம் வரவில்லை. ஆனால் ஒரு வருடம் என்று ஆரம்பித்தது ஐந்து வருடத்துக்கு மேல் நீண்டு, 2025 அக்டோபரில் இருந்துதான் மீண்டும் தொடங்கியது. அத்தனை வருடம் என் அலமாரி மெதுவாகத்தான் நிறைந்தது.

அதனால் வேறு வழி தேடினேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தினமும் போக வர ஆகியிருக்கும் காசைச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிடுவேன். மாதக் கடைசியில் அதை எண்ணி, இதற்கென்றே தொடங்கிய ஒரு சேமிப்புக் கணக்கில் கட்டுவேன். வீட்டில் எல்லோரும் அதைப் 'புத்தகக் கணக்கு' என்றுதான் சொல்வார்கள். மகளுக்கு அவசரமாக நூறு ரூபாய் வேண்டுமென்றாலும் அதில் கை வைக்க மாட்டாள். திருவிழாவில் காணாமல் போன 1,260 ரூபாய் அந்தக் கணக்கில் இருந்தது. ஏறக்குறைய இரண்டு மாத டிக்கெட் காசு.

இந்த மாதிரி மாட்டிக்கொள்ளும் பணத்துக்கு ஒரு விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. கடையில் யுபிஐ மூலம் பணம் கட்டி, நம் கணக்கில் பணம் போய், கடைக்காரருக்கு உறுதிச் செய்தி வரவில்லை என்றால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்பி வந்துவிட வேண்டும். அதற்கு மேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்டஈடு. நாம் தெரிந்தவருக்கு நேரடியாக அனுப்பும் பணம் என்றால் ஒரே நாள் கெடு. ஏடிஎம்மில் நோட்டு வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால் அதற்கும் ஐந்து நாள், அதற்கும் அதே 100 ரூபாய். நாள் என்றால் காலண்டர் நாள், வேலை நாள் கணக்கு கிடையாது. அந்த நஷ்டஈட்டை வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திருக்காமல் தாமாகவே வரவு வைக்க வேண்டும் என்றும் அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. சுற்றறிக்கை படிப்பது எனக்குப் பழகிய வேலை. இதை நான்கு முறை படித்தேன்.

ஆகஸ்ட் 15-க்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. 16-ஆம் தேதி வங்கிச் செயலியில் புகார் பதிந்தேன். 18-ஆம் தேதி மதிய உணவு இடைவேளையில் கிளைக்கே போனேன். கவுன்ட்டரில் இருந்த பெண் நல்லவிதமாகத்தான் பேசினார். "வந்துரும் மேடம், டெக்னிக்கல் இஷ்யூ. நாங்க இங்கிருந்து ஒண்ணும் பண்ண முடியாது." அவர் சொன்னது பொய் இல்லை. அவரால் ஒன்றும் செய்ய முடியாதுதான். எனக்குப் பின்னாலும் வரிசை நின்றது, அதில் பாதிப் பேர் பாஸ்புக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் போல ஏதோ ஒரு பிடித்தத்தைக் கேட்க வந்தவர்கள். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் தன் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும்படி மூன்று முறை கேட்டார். போனில் பார்க்கலாம் என்று மூன்று முறையும் பதில் வந்தது. அவர் கையில் போனே இல்லை.

பணம் 22-ஆம் தேதி வந்தது. பன்னிரண்டாம் நாள். மறுநாள், 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டது' என்று ஓர் எஸ்எம்எஸ். முதலில் அக்காவின் கடனை அடைத்தேன். அப்புறம் 25-ஆம் தேதி வங்கிக்கு மின்னஞ்சல் எழுதினேன். கெடு தாண்டிய நாள் ஏழு, நாளுக்கு 100 வீதம் 700 ரூபாய், இன்ன தேதியிட்ட சுற்றறிக்கையின்படி. எழுத எனக்கு அரை மணி நேரம் ஆனது. அலுவலகக் குறிப்பு எழுதுவதுபோலத் தேதிவாரியாக, பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று போட்டு எழுதினேன்.

அந்தக் கணக்கின் பாஸ்புக்கையும் அப்போதுதான் பல மாதம் கழித்து மிஷினில் வைத்து அச்சடித்தேன். (முதல் முறை போனபோது மிஷின் வேலை செய்யவில்லை. இரண்டாம் முறை பார்கோடு ஒட்டவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.) ராத்திரி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ஒரு வருடத்தில் நான் எடுக்காமலே போனவற்றை நோட்டில் எழுதினேன். எஸ்எம்எஸ் கட்டணம் மூன்று மாதத்துக்கு 15 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்து 17.70, வருடத்துக்கு 70.80. டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம் வரியோடு 236. வேறு வங்கி ஏடிஎம்மில் இலவச எண்ணிக்கை முடிந்த பிறகு எடுத்தது இரண்டு முறை. 2025 மே 1 முதல் அது ஒரு முறைக்கு 23 ரூபாய், வரியோடு 27.14. ஆக 54.28. கடைசியாக மே மாதக் கடைசியில் 436 ரூபாய்.

இந்த 436 எனக்கு விளங்கவே இல்லை. பாஸ்புக்கில் அதற்கு நேரே நான்கு ஆங்கில எழுத்தும் ஏதோ எண்களும் இருந்தன. விசாரித்தால், இரண்டு லட்ச ரூபாய்க்கான ஆயுள் காப்பீட்டுத் திட்டத்தின் வருடச் சந்தா. திட்டத்தில் குறை இல்லை, எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த இரண்டு லட்சம் உதவியிருக்கும். ஆனால் நான் அதில் சேர்ந்ததாகக் கையெழுத்துப் போட்ட ஞாபகமே இல்லை. படிவத்தைக் காட்டுங்கள் என்று எழுதிக் கேட்டேன். படிவத்தைக் காட்டவில்லை, ஆனால் மூன்று வாரத்தில் பணத்தைத் திருப்பி வரவு வைத்துவிட்டார்கள். கேட்காமல் இருந்தால் வருடா வருடம் போயிருக்கும்.

எல்லாவற்றையும் கூட்டினால் 797 ரூபாய் 8 காசு. ஒருவருக்கு இது சின்னத் தொகையாகத் தெரியலாம். எனக்குப் பணம் புத்தகமாகத்தான் தெரியும். அது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். 797 ரூபாய் என்றால் ஒரு நல்ல நாவலும், ஒரு கட்டுரைத் தொகுப்பும், மிச்சத்தில் ஒரு மெல்லிய கவிதைப் புத்தகமும். அவற்றை யாரோ என் அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு போனதாகவே பட்டது. நாற்பத்து மூன்று பேருடைய பிடித்தத்துக்கு நான் பெயர் எழுதிக் கொடுக்கிறேன். என் பிடித்தத்துக்கு ஒரு தமிழ் வார்த்தை எழுத ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

நான் மனமாரக் கட்டும் பிடித்தம் ஒன்று இருக்கிறது. சொத்து வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருக்கும், சொத்து வரியில் ரூபாய்க்குப் 10 காசு. 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்தால் ஏற்பட்ட வரி அது. அந்தச் சட்டத்துக்குப் பின்னால் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் பல வருட உழைப்பு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ரசீதில் அந்தத் தொகையைத் தேடிப் பார்ப்பேன். எதற்குப் போகிறது என்று பெயர் இருக்கிறது. சனிக்கிழமை கிளை நூலகத்துக்குப் போனால் அது அலமாரியில் கண்ணுக்குத் தெரிகிறது.

போன் ரீசார்ஜ் விஷயத்தில் என் கோபம் கொஞ்சம் பழையது. ஒரு மாதம் என்று சொல்லி 28 நாள் தருகிறார்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு மாதம், ஆனால் ரீசார்ஜ் பதின்மூன்று. 349 ரூபாய் போடுகிறவருக்கு அந்தப் பதின்மூன்றாவது 349 எங்கிருந்து வரும்? 2022 ஜனவரியில் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு நிறுவனமும் 30 நாளுக்கான திட்டம் ஒன்றும், மாதா மாதம் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுமாவது வைத்திருக்க வேண்டும். ரீசார்ஜ் கடையில் கேட்டேன். "அதெல்லாம் யாரும் போடறதில்லைங்கக்கா" என்றார். செயலியில் கீழே, கீழே, இன்னும் கீழே போய்த் தேடினால் இருக்கிறது. சம்பளம் வரும் தேதியோடு ஒத்துப்போகும்படி அதற்கு மாறிக்கொண்டேன்.

அம்மாவின் போன்தான் எனக்கு அதிக வருத்தம் தந்தது. அம்மா சென்னிமலைப் பக்கம் எங்கள் ஊரிலேயே தனியாக இருக்கிறார். கையில் பட்டன் போன். அதில் இன்டர்நெட் கிடையாது, அவருக்கு அது வேண்டியதும் இல்லை. ஆனாலும் வருடக்கணக்கில் டேட்டாவோடு சேர்ந்த திட்டத்தைத்தான் போட வேண்டியிருந்தது. போடாவிட்டால் கொஞ்ச நாளில் வரும் அழைப்பும் நின்றுவிடும். அழைப்பு நின்றால் ராத்திரி எட்டு மணிக்கு நான் பேசும் பேச்சும் நிற்கும், ஆதாரோடு இணைந்த எண்ணுக்கு வரும் ஓடிபியும் நிற்கும். 2024 டிசம்பரில் டிராய், பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான திட்டம் கட்டாயம் இருக்க வேண்டும் என்று சொன்ன பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. இப்போது 84 நாளுக்கு ஐந்நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு அழைப்பை எடுக்கும் எழுபத்து மூன்று வயதுக்காரருக்கு அதுவும் அதிகம் என்றுதான் நினைக்கிறேன்.

புது போன் வாங்கியபோது பட்டதையும் சொல்லிவிடுகிறேன். பழையது திரை போய்விட்டது. புதியதில் யுபிஐ பதிய, நம் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் தானாகப் போக வேண்டும். என் ரீசார்ஜ் அன்று காலைதான் முடிந்திருந்தது. ரீசார்ஜ் செய்ய யுபிஐ வேண்டும், யுபிஐ பதிய ரீசார்ஜ் வேண்டும். மருந்துக் கடை வாசலில் மாமியாரின் பிரஷர் மாத்திரைச் சீட்டோடு நின்றேன். மகள் கல்லூரியிலிருந்து எனக்கு ரீசார்ஜ் செய்து அனுப்பினாள். அன்றிலிருந்து பர்ஸில் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எப்போதும் மடித்து வைத்திருக்கிறேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. அப்பா எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தில் வேலை பார்த்தார். எங்கள் வீட்டுத் திண்ணைதான் அஞ்சலகம். மதியம் பை வந்ததும் தபால்களைப் பிரித்து அடுக்குவார். அதில் எனக்குப் பிடித்தது புக் போஸ்ட். உள்ளே கடிதம் எதுவும் வைக்கவில்லை என்று அஞ்சலகத்தார் பார்ப்பதற்காக அதை ஒட்டக்கூடாது. காகிதத்தைச் சுற்றி இரண்டு முனையும் திறந்தபடிதான் வரும். ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் பத்திரிகையின் பெயரில் இரண்டு மூன்று எழுத்து தெரியும். மீதியை நானே ஊகிப்பேன். "பாரு அம்மிணி, பிரிக்கப்படாது. அது அடுத்தவங்களுது" என்பார். யாருக்கு வந்ததோ அவர் படித்து முடித்ததும் எனக்காகக் கேட்டு வாங்கி வருவார். என் வாசிப்பு அந்தத் திறந்த ஓரத்தில்தான் ஆரம்பித்தது. அப்பா போய் எட்டு வருடம் ஆகிறது.

பதிவு செய்து அச்சுப் புத்தகம் அனுப்பும் சலுகைச் சேவையை அஞ்சல் துறை 2024 டிசம்பர் 18-ஆம் தேதி நிறுத்தியது. ஐந்து கிலோ புத்தகப் பொதியை நாட்டின் எந்த மூலைக்கும் ஏறக்குறைய 80 ரூபாய்க்கு அனுப்ப முடிந்த சேவை அது. சாதாரணப் பார்சலில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். என்னைப் போலச் சின்னப் பதிப்பகங்களிடம் நேரடியாக வாங்குகிறவர்களுக்கு அது பெரிய அடி. 150 ரூபாய் கவிதைப் புத்தகத்துக்கு 70 ரூபாய் கூரியர் என்றால் கை நின்றுவிடும். நான்கு புத்தகம் சேரட்டும் என்று காத்திருந்தேன். அப்படிக் காத்திருந்ததில் சில வாங்கப்படாமலே போயின. 2025 மே 1 முதல் கியான் போஸ்ட் என்று ஒன்று தொடங்கினார்கள். 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாக மெதுவாகத்தான் போகும், ஆனால் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளலாம். இப்படி ஒன்று இருப்பதே பல பதிப்பகங்களுக்குத் தெரியவில்லை. நான் புத்தகம் கேட்கும் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த இடைப்பட்ட காலத்தில், 2025 பிப்ரவரியில், ஒரு புத்தகத்துக்காகப் பத்து நாளாகக் காத்திருந்தேன். எங்கள் வீடு வேலை நாளில் பூட்டியிருக்கும் என்பதால் பார்சலுக்கு எப்போதும் அம்மாவின் முகவரிதான் கொடுப்பேன். ஊரில் கதவு எண் போட மாட்டோம், அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் பின்கோடும் போதும். அப்போது ஓர் எஸ்எம்எஸ் வந்தது. உங்கள் பொதி கிடங்குக்கு வந்துவிட்டது, இரண்டு முறை கொடுக்க முயன்றோம், முகவரி முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் சரிசெய்யவும். கதவு எண் இல்லாத முகவரி அல்லவா, உடனே நம்பிவிட்டேன். லிங்கைத் தொட்டேன். அஞ்சல் துறையின் பக்கம் மாதிரியே ஒன்று திறந்தது. முகவரி கேட்டது, கொடுத்தேன். மறுபடி கொண்டுவர 25 ரூபாய் என்றது. கார்டு எண், அதன் பின்னால் இருக்கும் மூன்று எண் என்று கேட்டது.

அங்கேதான் கை நின்றது. அப்பா முப்பது வருடம் தபால் கொடுத்தார். ஆள் இல்லையென்றால் மறுநாள் போவார், அதற்கும் மறுநாள் போவார். இன்னொரு முறை வந்ததற்கு யாரிடமும் ஒரு காசு கேட்டதில்லை. அந்த நினைப்பு வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால், "பொட்டலம் நேத்தே வந்துருச்சு கண்ணு, அலமாரி மேல வெச்சிருக்கேன்" என்றார்.

எங்கள் அலுவலக உதவியாளர் ஒருவருக்கு அப்படிக் கை நிற்கவில்லை. அவருக்கு வந்தது மின்கட்டணம் பாக்கி என்று ஒரு செய்தி. போனது 18,000 ரூபாய். அன்று சாயங்காலமே இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் செய்ய வைத்தோம். அதனால் ஒரு பகுதி வேறொரு கணக்கில் முடக்கப்பட்டது. அதைத் திரும்ப வாங்க அவர் மாதக்கணக்கில் அலைந்தார். நம் தவறு எதுவும் இல்லாமல் வெளியாட்கள் பணத்தை எடுத்தால், வங்கியிலிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நமக்கு நஷ்டம் கிடையாது என்று 2017-இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஓடிபியை நாமே கொடுத்துவிட்டால், வங்கியிடம் சொல்லும்வரை போன பணத்தின் நஷ்டம் நம்முடையதுதான். அவர் கொடுத்திருந்தார். பி.பி.க்காரர், இரண்டு பெண்பிள்ளைகள். அவரை முட்டாள் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை. எதிரில் நின்று பேசினால் மனிதர் முகத்தைப் படித்துவிடும் ஆள் அவர். போனுக்கு முகம் இல்லை.

பணத்தைவிடப் போன் என்னிடமிருந்து அதிகமாக எடுத்தது நேரம். வாசகரின் நேரத்தைச் சேமி என்பது ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது. பெருந்துறையிலிருந்து ஈரோடு போய்ச் சேர முக்கால் மணி நேரம். ஒரு காலத்தில் அதில் இருபது பக்கம் படிப்பேன். பிறகு அலுவலக வாட்ஸ்அப் குழுக்கள் வந்தன. இப்போது எட்டுக் குழுவில் இருக்கிறேன். ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு 'மிக அவசரம், நாளை காலை பத்து மணிக்குள் விவரம் அனுப்பவும்' என்று வரும். அதற்கு இருபது பேர் கைகூப்புவார்கள். மேலதிகாரி என்ன எழுதினாரோ என்று ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். சம்பளத் தேதி நெருங்கினால் பர்சனல் லோன் வேண்டுமா என்று அழைப்பு. விளம்பர அழைப்பு வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிந்த பிறகு அது குறைந்தது, நிற்கவில்லை. 2024-இல் வருடம் முழுக்க நான் படித்து முடித்தது ஒன்பது புத்தகம். அதற்குப் பத்து வருடம் முன்னால் எழுதிய நோட்டில் நாற்பத்தொன்று இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது பஸ் ஏறியதும் போனைச் சாப்பாட்டுப் பையில், டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துவிடுகிறேன். முக்கால் மணி நேரத்தில் எந்த அவசரமும் கெட்டுப்போனதில்லை. திருவிழாவில் வாங்கிய அந்த நான்கு புத்தகங்களையும் இப்படித்தான் படித்து முடித்தேன்.

என் மின்னஞ்சலுக்கு வங்கி முப்பது நாள் பதில் போடவில்லை. செப்டம்பர் 25-ஆம் தேதி, ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின் இணையப் பக்கத்தில் புகார் பதிந்தேன். 2021-இல் வந்த திட்டம், கட்டணம் எதுவும் இல்லை. முதலில் வங்கிக்கு எழுதியிருக்க வேண்டும், பதில் இல்லாமல் முப்பது நாள் ஆகியிருக்க வேண்டும். இரண்டும் தேதியோடு என்னிடம் இருந்தன. தீபாவளி முடிந்த அடுத்த வாரம், பஸ்ஸை விட்டு இறங்கிப் போனை வெளியே எடுத்தபோது ஓர் எஸ்எம்எஸ் கிடந்தது. புத்தகக் கணக்கில் 700 ரூபாய் வரவு. ஒரு விளக்கமும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே பக்கத்து சீட் அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன்.

அதே தம்பியிடம் 650 ரூபாய்க்குப் புத்தகம் சொன்னேன். கியான் போஸ்ட் பற்றியும் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, விசாரித்து அதிலேயே அனுப்பினார். ஒன்பது நாள் கழித்து அம்மா வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அம்மா திண்ணையில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, இந்த முனையையும் அந்த முனையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பழுப்பு டேப் ஒட்டியிருந்தது.

"இப்பெல்லாம் ஓரம் தொறந்து உடறதில்லையா கண்ணு? என்ன பொஸ்தகம்னு பாக்கலாம்னா முடியலையே."

உள்ளே போய்க் கத்தரிக்கோல் எடுத்து வந்தேன்.